742 ஏடுகள், ஆறு நாள்: காவிரிக்கரையில் ஒரு சுவடிப் பயணம்

எனக்குத் தொழில் கல்யாணப் படம் எடுப்பது. ஊர் திருப்பூர். தை மாதத்தில் ஆறு நாளை யாருக்கும் தேதி கொடுக்காமல் ஒதுக்கி வைப்பது எங்கள் தொழிலில் அவ்வளவு சுலபமில்லை. இந்த முறை ஒதுக்கினேன். எனக்குப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயா டிசம்பரில் போன் செய்திருந்தார். "கும்பகோணம் பக்கம் ஒரு வைத்தியர் குடும்பத்துல ஒன்பது கட்டு ஓலைச்சுவடி இருக்கு. யாருக்கும் கொடுக்க மனசில்ல, ஆனா படம் எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. கேமரா பிடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்பா" என்றார். ஓய்வுபெற்றபின் பதினைந்து வருடமாகச் சுவடி படித்துக்கொண்டிருக்கிறவர் அவர். மறுக்கத் தோன்றவில்லை.

போய் வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு நாளும் இரவில் குறித்து வைத்ததைத்தான் இங்கே போடுகிறேன்.

ஜனவரி 20, செவ்வாய் – தஞ்சாவூர்

காலை ஆறரைக்குத் தஞ்சாவூரில் இறங்கியபோது ரயிலடி முழுக்கப் பனி. ஆட்டோக்காரர் அரண்மனைக்கு இருநூறு கேட்டார். தோளில் தொங்கிய விளக்குத் தண்டுகளைப் பார்த்துவிட்டு, "கல்யாணமா சார்?" என்றார். சுவடி படம் எடுக்கப் போகிறேன் என்றதும் நூற்றைம்பது போதும் என்றார். ஏனென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஐயா மாலைதான் வருவார். அதுவரை நேரம் இருந்ததால் சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தில் நின்றேன். நாயக்கர் காலத்துச் சேர்க்கையை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) பெரிதாக வளர்த்தார், 1918-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பாடப்புத்தகத்தில் படித்ததுதான். அவரே தன்வந்திரி மகால் என்று மருத்துவத்துக்கும் ஓர் இடம் வைத்திருந்தார், கண் நோய்க்குப் பார்த்தவர்களின் குறிப்புகளை எழுதி வைக்கச் செய்தார் என்பது மட்டும் இந்த முறை கூடுதலாக உறைத்தது. நாளை நான் பார்க்கப்போவதும் மருத்துவச் சுவடிதானே.

அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் முன்னால் ஒரு மணி நேரம் போய்விட்டது. 1011-ஆம் ஆண்டுச் செம்பு மேனி. தலையில் பாம்புகளைச் சுற்றிய தலைப்பாகைபோல் சடை. வலது கை ஏதோ ஒன்றின்மேல் சாய்ந்திருக்கிறது, அந்த ஏதோ ஒன்றுதான் இல்லை. காளை போய்விட்டது, அதன்மேல் சாய்ந்த கை அப்படியே நிற்கிறது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் முடிக்கற்றைகள் பிடரியில் விரிந்து விழும் அழகு தனி. முன்னாலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தில் இதில் பாதிகூட வராது.

ஒரு சிலையை முப்பரிமாணத்தில் பதிய என்ன வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். சுற்றிச் சுற்றி மூன்று நான்கு உயரங்களில் நூற்றுக்கணக்கான படங்கள் வேண்டும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு மூன்றில் இரண்டு பங்காவது ஒத்துப்போக வேண்டும். அப்போதுதான் மென்பொருள் ஒரே புள்ளியைப் பல கோணங்களிலிருந்து அடையாளம் கண்டு உருவத்தைக் கட்டும். செம்பின் மினுக்கம் அதற்கு எதிரி. கேமரா நகர்ந்தால் பளபளப்பும் நகர்ந்துவிடும், கணக்குத் தப்பும். தொழிற்சாலைப் பொருளென்றால் வெள்ளைப் பொடி அடித்து மினுக்கத்தைக் கொல்வார்கள். ஆயிரம் வருடத்துச் சாமி மேல் எதைத் தெளிப்பது? வெளிச்சத்தைத்தான் பரப்பி மென்மையாக்க வேண்டும்.

மாலை பேருந்தில் ஐயாவும் அவருடைய மாணவியும் வந்து சேர்ந்தார்கள். மூவரும் கும்பகோணம் போனோம். தங்கிய விடுதியில் நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். வெந்நீர் வரும் என்றார்கள், ஐந்து நாளும் வரவில்லை.

ஜனவரி 21, புதன் – வைத்தியர் வீடு, முதல் நாள்

இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டுக் கிளம்பினோம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கடப்பா கும்பகோணத்தில் கிடைப்பதுபோல் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. பித்தளை டபராவில் காபி முப்பது ரூபாய். ஐயா சர்க்கரை இல்லாமல் இரண்டு குடித்தார்.

வழியெல்லாம் சம்பா அறுவடை. வைக்கோலைச் சாலையிலேயே உலர்த்தியிருந்தார்கள், பேருந்து அதன்மேல் மெத்தென்று போயிற்று. வீடு பழைய முற்றம் வைத்த வீடு. வைத்தியருக்கு அறுபது இருக்கும், அவருடைய அம்மாவுக்கு எண்பத்து நான்கு. அந்த அம்மா வாசலிலேயே கேட்ட முதல் கேள்வி, "எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு வந்தீங்களா தம்பி?" நான் விழித்தேன். கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஏட்டைத் தொடக் கூடாது என்று அவருடைய மாமனார் சொல்வாராம். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காய்ந்த கையைக் காட்டியபிறகுதான் பெட்டி திறந்தது.

மஞ்சள் துணி. அதற்குள் மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டிய ஒன்பது கட்டு. நடுவில் சில வேப்பிலைச் சருகுகள், வசம்புத் துண்டுகள். பிரித்ததும் எழுந்த மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது.

இடத்துக்கு ரேழியைத் தேர்ந்தெடுத்தேன். சன்னல் கிடையாது, வெளி வெளிச்சம் கலக்காது. வெயிலும் விளக்கும் கலந்தால் ஓலையின் நிறம் ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்ததில் நீலமாகவும் போகும். கேமராவை நேர் கீழே பார்க்கும்படி கம்பத்தில் மாட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, இரண்டு பக்கமும் நாற்பத்தைந்து டிகிரியில் எல்.இ.டி. விளக்கு வைத்தேன். கீழே சாம்பல் நிறத் தாள், ஓரத்தில் அளவுகோல், நிற அட்டை. கல்யாணத்துக்கு எடுத்துப்போகும் ஜூம் லென்ஸைத் தொடவில்லை, அது ஓரங்களை வளைக்கும். நண்பரிடம் 50 மி.மீ. மேக்ரோ இரவல் வாங்கி வந்திருந்தேன். ஏடு 38 செ.மீ. நீளம். 6000 புள்ளி (பிக்சல்) அகலத்தில் 40 செ.மீ. அடங்கினால் அங்குலத்துக்கு 380 புள்ளி கிடைக்கும். முந்நூறுக்குக் குறையக் கூடாது என்று ஐயா சொல்லியிருந்தார். ஒரு படத்தில் நான்கு ஏடு என்று முடிவு செய்தோம்.

தட்டை ஸ்கேனரில் வைத்தால் வேகமாக முடியாதா என்று வைத்தியர் கேட்டார். மூடியை அழுத்தினால் வளைந்த ஓலை விரியும், காய்ந்த ஓலையென்றால் முறியும். அதனால்தான் மேலிருந்து கேமரா.

பத்து மணிக்கு ஆரம்பித்தோம். பதினொன்றரைக்கு நிறுத்தினோம். பதினான்கு படங்களில் எழுத்து இரட்டையாகத் தெரிந்தது. லென்ஸைச் சந்தேகித்தேன், கம்பத்தை இறுக்கினேன், ஒன்றும் மாறவில்லை. அப்புறம் மாணவிதான் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, அதிருது" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாவு அரைக்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்த அம்மா எழுந்து போய் கிரைண்டரை நிறுத்தியவர், மூன்று நாளும் அதைப் போடவே இல்லை. வாழ்நாளில் கடை மாவு வாங்காதவராம். எங்களுக்காக மூன்று நாள் கடை மாவில் தோசை சுட்டார்.

மதியம் புது அரிசிச் சோறு, சுண்டைக்காய் வத்தக்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல். முறுக்கு வந்தது. ரேழிக்குள் ஒரு துணுக்குகூட விழக் கூடாது என்பதால் திண்ணைக்குப் போய்த்தான் தின்றோம். வாசனை பிடித்துப் பூச்சி வரும்.

முதல் நாள் மூன்று கட்டு முடிந்தது. முதுகு ஒடிந்துபோனது எனக்கு மட்டும் இல்லை, ஏடு ஏடாக மென்தூரிகையால் தூசி தட்டிய மாணவிக்கும்தான்.

ஜனவரி 22, வியாழன் – ஒரு நாள் வீணான கதை

காலையில் பனி அதிகம், ரேழித் தரை ஈரமாக இருந்தது. ஒன்பதரை வரை பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார் ஐயா.

இரண்டு கட்டுகளில் எழுத்து மங்கியிருந்தது. ஓலையில் எழுத்தாணி கீறுவதுதான் எழுத்து. விளக்குக் கரியைத் தேய்த்தால் கீறலுக்குள் கருப்பு தங்கும், அப்போதுதான் படிக்க வரும். பல வருடம் தேய்க்காமல் விட்டால் எழுத்து இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. ஐயா அதில் ஒரு கட்டுக்கு மட்டும் எலுமிச்சம்புல் தைலத்தில் பஞ்சை நனைத்து லேசாகத் துடைத்தார். ஓலை கொஞ்சம் இளகியது, ஆனால் மினுங்க ஆரம்பித்துவிட்டது. விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி எழுத்தை விழுங்கியது. விளக்குகளின் முன்னாலும் லென்ஸின் முன்னாலும் போலரைசர் (மினுக்கத்தை வடிகட்டும் தகடு) போட்டு ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பியபின்தான் மினுக்கம் அடங்கியது.

இன்னொரு கட்டைத் தேய்க்கவே வேண்டாம் என்றேன். அதில் முப்பத்தொன்றாவது ஏட்டை என்னால் மறக்க முடியாது. வெறும் ஓலை, பழுப்பு, இரண்டு பூச்சித் துளை, அவ்வளவுதான். ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தேன். வெளிச்சம் ஓலையின் மேல் கிடைமட்டமாக வழுக்கிக்கொண்டு போனது. இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கீறலும் தன் நிழலைக் காட்டத் தொடங்கியது. ஏழு வரி. வளைவுகள், கொம்புகள், எல்லாம். ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேமராத் திரையில் முகத்தைக் கொண்டுபோய், "திரிகடுகு… தேன்…" என்று எழுத்துக்கூட்டினார். வைத்தியரின் அம்மா பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். யாரும் பேசவில்லை.

அந்த மகிழ்ச்சியிலேயே நாள் முடிந்திருக்கலாம். இரவு விடுதியில் ஐயா நான்காம் கட்டின் படங்களைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். ஓர் ஏடு "வேப்பம்" என்று முடிகிறது. அடுத்தது "பட்டை" என்றோ "பூ" என்றோ தொடங்க வேண்டும். தொடங்கியதோ "சுக்கு".

தவறு எங்கே என்று தேடினோம். ஏட்டு எண் இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும். நமக்குத் தெரிந்த இடமதிப்பு முறையில் பன்னிரண்டு என்றால் ௧௨. பழைய சுவடியில் அப்படி இல்லை, பத்துக்குத் தனிக்குறி: ௰. பன்னிரண்டு ௰௨, இருபது ௨௰. பார்வைக்கு "யஉ", "உய" மாதிரிதான் இருக்கும். மாணவி இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டாள். பன்னிரண்டாவது இருபதின் இடத்தில், பதின்மூன்றாவது முப்பதின் இடத்தில் என்று எண்பத்தெட்டு ஏட்டுக் கட்டு முழுதும் கலைந்து போயிருந்தது. படத்துக்குப் பெயர் கொடுத்தது நான். அவள் சொன்ன எண்ணை அப்படியே தட்டினேன், ஒரு தடவைகூட ஓரத்தைப் பார்க்கவில்லை. தப்பு இருவருடையதும்.

அவள் அழுதுவிட்டாள். ஐயா திட்டவில்லை. "ஏடு பத்திரமா இருக்கு. படம்தான் தப்பு. அத நாளைக்கு எடுத்துக்கலாம்மா" என்றார். பிறகு, மெதுவாக, "இதையே கண்டுபிடிக்காம விட்டிருந்தா, பின்னால படிக்கிறவன் வேப்பம்பட்டைக்குப் பதிலா சுக்கு போட்டுக் கஷாயம் வச்சிருப்பான்" என்றார். அன்று தூக்கம் வர வெகுநேரம் ஆனது. கொசுவும் ஒரு காரணம்.

ஜனவரி 23, வெள்ளி – கடைசிக் கட்டு

முறையை மாற்றினோம். ஏட்டை வைக்கிறவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், கேமரா அருகில் இருக்கிறவர் ஓரத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், இரண்டும் ஒத்தால்தான் பொத்தான். மெதுவாகத்தான் போனது. ஆனால் நாலாம் கட்டை மறுபடி எடுத்ததோடு மிச்ச எல்லாமும் முடிந்தது.

படிப்பதன் கஷ்டம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இல்லை, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி. "பால்" என்பதை "பரல்" என்றும் படிக்கலாம். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. எது எது என்று சொல்ல முன்பின் வரிகள் வேண்டும், முன்பின் வரிகள் வேண்டுமென்றால் ஏடு வரிசையில் இருக்க வேண்டும். நேற்றைய தவறு எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சு யாழ்ப்பாண நூலகத்துக்குப் போனது. 1981-ல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின, அவற்றோடு ஓலைச்சுவடிகளும். அதில் பலவற்றுக்குப் படி என்று உலகில் எதுவும் இல்லை. 2005-ல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் ஈழத்து ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வருவதைப் பற்றி மாணவி சொன்னாள். அவள் படிக்கிற பாதிப் பழைய இதழ்கள் அங்கிருந்துதான் கிடைக்கின்றனவாம். வைத்தியர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க தாத்தா இத ஆத்துல விடச் சொன்னாரு. ஆடிப்பெருக்குக்கு விட்டுடலாம்னு அப்பா சொன்னப்ப அம்மாதான் பரண்ல ஒளிச்சு வச்சாங்க" என்றார். அம்மா காதில் விழாததுபோல் ரசம் ஊற்றினார்.

மொத்தம் 742 ஏடு, இரண்டு பக்கமும் சேர்த்து 384 படம். 16 பிட் டிஃப் கோப்பாக ஒவ்வொன்றும் 144 எம்.பி., ஏறக்குறைய 55 ஜி.பி. மூன்று வட்டில் படி எடுத்தோம். ஒன்று வைத்தியருக்கு, ஒன்று ஐயாவுக்கு, மூன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும் என்று எனக்கு. 23 ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பிரிக்கப் போனால் தோலோடு எழுத்தும் வந்துவிடும். அதைத் தொடவில்லை.

ஜனவரி 24, சனி – ஸ்ரீபுரந்தான்

இந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டது நான். கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர் மாவட்டத்துக்குள் போக வேண்டும். ஆற்றில் ஓரமாக மட்டும் தண்ணீர், நடுவில் மணல், நாணல். பேருந்து ஒன்று வழியில் பஞ்சராகி ஒன்றரை மணி நேரம் புளியமரத்தடியில் நின்றோம். நடத்துனர் பயணிகள் எல்லோருக்கும் தன் காசில் நுங்கு வாங்கித் தரப் பார்த்தார், தையில் ஏது நுங்கு, இளநீர்தான் கிடைத்தது. நாற்பது ரூபாய்க் காயை முப்பதுக்குப் பேசி வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் கோயிலின் நடராசர் 2006-ல் திருடுபோனார். 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அவரை வாங்கியது. விற்றவர்கள் காட்டிய காகிதங்களில் அவர் வேறெங்கோ இருந்ததாகக் கதை எழுதப்பட்டிருந்தது. அதை உடைத்தது ஒரு படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து, ஊர், கோயில், நாள் எல்லாம் குறித்து வைத்திருக்கிறது. 1994-ல் இதே ஊரில் எடுத்த நடராசர் படம் அந்தச் சேகரிப்பில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அவரேதான். 2014 செப்டம்பரில் நாடு திரும்பினார்.

கோயிலைச் சுற்றி வந்தேன். வெயில் ஏறியிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கேமராவைப் பார்த்துவிட்டு, "போட்டோவா? நல்லா எடு. தேதி போட்டு எடு" என்றார். யாராவது சொல்லிக்கொடுத்துப் பேசினாரா, தானாகப் பேசினாரா தெரியாது. நான் பையைத் திறந்து, முந்தின நாள் படங்களின் பட்டியலை எடுத்து, எடுத்த நாள் என்ற கட்டம் ஒவ்வொரு வரியிலும் நிரம்பியிருக்கிறதா என்று அந்த வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு – பட்டியல்

கிளம்புவதற்கு முன் வைத்தியர் வீட்டுக்கு மறுபடி போனோம். வட்டைக் கொடுத்து, திறந்து காட்டி, பட்டியலையும் அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். கட்டு எண், ஏட்டு எண், பொருள், ஓலையின் நிலை, இருக்கும் இடம் எல்லாம் நிரம்பியிருந்தது. எழுதியவர் என்ற பத்தி மட்டும் காலி. சுவடியின் முடிவில் பெயர் எழுதும் வழக்கம் உண்டு, இந்த ஒன்பதில் எதிலும் அது கிடைக்கவில்லை.

அந்த அம்மா மடிக்கணினித் திரையில் ஆறாம் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படிக்கத் தெரியாதவர். "இது எங்க மாமனார் கை" என்றார். எப்படித் தெரியும் என்று ஐயா கேட்டார். "அவருக்கு வலது சுண்டுவிரல் இல்ல. எழுத்து இப்படித்தான் கீழ சாயும். மத்தது அவுங்க அப்பாரு எழுதுனது."

ஆறாம் கட்டையும் ஏழாம் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறாவதில் வரிகள் வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்குகின்றன. மூன்று நாள் எடுத்தும் நான் அதைப் பார்க்கவில்லை. ஓலை சாய்ந்திருக்கிறது என்று நினைத்துப் படத்தைத் திருப்பி நேராக்கக்கூடப் பார்த்திருக்கிறேன்.

எழுதியவர் பத்தியில் பெயரை நேராகப் போட ஐயா சம்மதிக்கவில்லை. சுவடியில் இல்லாததைச் சுவடி சொன்னதாக எழுதக் கூடாது என்றார். பட்டியலில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தோம்: "குடும்பத்தார் கூற்று". அதில் அந்த அம்மா சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே, யார் சொன்னது, எந்த நாள் என்பதோடு எழுதினோம். மாணவி தட்டினாள், நான் திருப்பி வாசித்தேன், அந்த அம்மா சரி என்று தலையாட்டியபிறகு சேமித்தோம்.

மூன்று வட்டுகளிலும் புதுப் பட்டியலை ஏற்றி முடிக்க மணி இரண்டாகிவிட்டது. அன்றைக்குக் கிரைண்டர் ஓடியது. ஒட்டிக் கிடக்கும் 23 ஏடுகளுக்குச் சுவடிப் பாதுகாப்புத் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு மாசிக் கடைசியில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.